கூறைச்சேலைக்கும் பழைய படங்களுக்கும் எவ்வளவு வெளிச்சம் தகும்?

கேள்வி:
எங்கள் வாசிகசாலையில் பழைய கூறைச்சேலைகளையும், ஸ்ரூடியோக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களையும், நாற்சார் வீடுகளின் வரைபடங்களையும் ஒன்றாகக் காட்சிக்கு வைக்க இருக்கிறோம். வெளிச்சம் எவ்வளவு இருக்கலாம்?

பதில் 1:
பட்டுக்கும் பழைய படங்களுக்கும் அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவையே கடைப்பிடிக்கின்றன அண்ணா, ஏனெனில் ஒளியால் மங்கிய சாயம் மீளாது. யன்னல் வெயில் அறவே வேண்டாம். மூலப் படங்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நல்ல பிரதிகளைத் தொங்கவிடுங்கள்.

பதில் 2:
நெடுங்காலம் மடித்து வைத்த சேலையில் மடிப்போரமாகவே பட்டு அறுகிறது, சரிகையும் முறிகிறது. ஆகையால் தோய்த்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் உருட்டி வைத்து, காட்சிநாளில் சரிவான பலகையில் விரியுங்கள். தொங்கவிட்டால் சரிகையின் பாரமே பட்டை இழுத்துக் கிழிக்கும்.

பதில் 3:
வரைபடம் மட்டும் போதாது. நாற்சாரின் நடுமுற்றத்தை அதன் உண்மையான அளவிலேயே நிலத்தில் கோடிட்டுக் காட்டினால், பிள்ளைகள் அதற்குள் நின்று பார்ப்பார்கள்.