பாஸ்த்ரூ போடலன்னா பாதி சவுண்டுதானா? யாரு சொன்னது?

பிட்ரேட்_பாலா:
யாழ்_குமரன் லிப் சிங்க் பத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாரு. மினி பிசில கோடி (Kodi, படம் ஓட்டற சாஃப்ட்வேர்), அங்கேருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவிலேருந்து ஆர்க் (டிவி சத்தத்த எச்டிஎம்ஐ ஒயர்லயே வெளிய அனுப்பற வழி) வழியா சவுண்ட்பார், சினிமா ஓடும்போது மட்டும் வாய் அசையறதுக்கு முன்னாடியே குரல் வந்துடுது, சீரியல்ல அப்படி இல்ல. அதுக்கு நம்ம மதுரை_மாறன் அண்ணன் குடுத்த பதில் இது: "பாஸ்த்ரூ ஆன் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும். கோடிய டிகோட் பண்ண விட்டா உங்களுக்குக் கிடைக்கிறது பாதி சவுண்டுதான்." பாஸ்த்ரூன்னா கோடி சவுண்ட தானே பிரிக்காம, அதாவது டிகோட் பண்ணாம, ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ அப்படியே அனுப்பறது. பதிலப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. பாதின்னா எந்தப் பாதி சார்? ட்ரூஎச்டிங்கிற டால்பி ஃபார்மட் லாஸ்லெஸ், எதையும் இழக்காது. ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சவுண்டு குடுக்கிற ஆம்ப் பெட்டி) பிரிச்சாலும் அதே பிட்டு, கோடிக்குள்ள இருக்கிற எஃப்எஃப்எம்பெக்ங்கிற டிகோடர் பிரிச்சாலும் அதே பிட்டு. புதுசா வர்றவங்க இதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கறாங்க, அதான் தனியா திரி போட்டேன்.

மதுரை_மாறன்:
வந்துட்டாருய்யா பேராசிரியர். தம்பி, நான் சொன்னது என் காதால கேட்டத. பாஸ்த்ரூ போட்டா கேக்குது, போடலன்னா கேக்கல. அம்புட்டுத்தான். பிட்டு எண்ணிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு சவுண்டு எங்க தெரியப்போகுது.

பிட்ரேட்_பாலா:
என்ன கேக்கல? அதச் சொல்லுங்க. பேக்ரவுண்ட் மியூசிக்கா, வசனமா, மழை சத்தமா?

மதுரை_மாறன்:
எல்லாந்தான். மேல ஹெலிகாப்டர் போனா மேலதான் கேக்கணும். பாஸ்த்ரூ இல்லாம அது முன்னாடி ஸ்பீக்கர்ல வந்து உக்காந்துக்கிருது. மேலேருந்தும் சவுண்டு குடுக்கிற டால்பி அட்மாஸ்ங்கிறது என்ன வெங்காயமா? அத கோடி டிகோட் பண்ணுமா? பதில் சொல்லுங்க பாப்பம்.

பிட்ரேட்_பாலா:
அட்மாஸ்க்கு பாஸ்த்ரூ வேணும், இல்லன்னு யாரு சொன்னா? எஃப்எஃப்எம்பெக் ட்ரூஎச்டிக்குள்ள இருக்கிற 7.1 (சுத்தி ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வரைக்கும்தான் எடுக்கும், எந்த சவுண்டு எந்த இடத்துல நிக்கணும்ங்கிற ஆப்ஜெக்ட் தகவல் போயிடும். ஆனா அந்த ஹெலிகாப்டர் சத்தம் காணாமப் போகாது, 7.1 மிக்ஸ்க்குள்ளயே இருக்கும், உயரம்தான் இருக்காது. அதுக்குப் பேரு பாதியா? நீங்க எழுதினது "பாதி சவுண்டு". அட்மாஸ்ங்கிற வார்த்தையே அந்தப் பதில்ல இல்ல, இப்பதான் உள்ள நுழைக்கறீங்க.

கோவை_செல்வா:
ஏனுங்க, குமரன் வெச்சிருக்கிறது சவுண்ட்பாருங்க. அவருக்கு எதுக்குங்க ஹெலிகாப்டரு?

மதுரை_மாறன்:
சவுண்ட்பார்லயும் அட்மாஸ் வரும் செல்வா. தெரியாம பேசாதீங்க.

பிட்ரேட்_பாலா:
வரும், ஆனா ஆர்க்ல வர்றது டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல வர்ற அட்மாஸ். ஓடிடில எல்லாம் வருதே, அது. ட்ரூஎச்டில இருக்கிறது பழைய ஆர்க்ல போகவே போகாது, அதுக்கு ஈஆர்க்ங்கிற புது ஆர்க் வேணும். குமரன் பாஸ்த்ரூல ட்ரூஎச்டியயும் டிக் பண்ணி வெச்சா சத்தமே வராம நிக்கும். உங்க பேச்சக் கேட்டு அவரு அதத்தான் பண்ணியிருப்பாரு.

யாழ்_குமரன்:
ஓம் அண்ணை, செய்து பாத்தனான். சத்தம் ஒண்டும் வரேல்லை. பிறகு திருப்பி பழையபடி விட்டிட்டன். ஆனா வாய் இன்னும் பிந்தித்தான் அசையுது. 24 ஃப்ரேம் படங்களுக்கு மட்டும்தான் அப்பிடி, 50 ஹெர்ட்ஸில ஓடுறதுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

மதுரை_மாறன்:
குமரன் தம்பி, அது டிவி பிரச்சினை. பாஸ்த்ரூவ குறை சொல்லாதீங்க.

ரேவதி_ஹெச்டிபிசி:
ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் உங்க உங்க வீட்டு வயரிங்க மனசுல வெச்சுக்கிட்டு பேசறீங்க. பிசிலேருந்து நேரா எச்டிஎம்ஐல ரிசீவருக்குப் போனா கோடியே பிரிச்சு எட்டு சேனல் பிசிஎம்மா (பிரிச்சு முடிச்ச சவுண்டா) குடுக்கலாம், அங்க பாலா சொல்றது சரி. ஆனா ஆப்டிகல், பழைய ஆர்க் இதுல எல்லாம் பிசிஎம்னா ரெண்டே சேனல்தான் போகும். அங்க பாஸ்த்ரூ போடலன்னா 5.1 ஸ்டீரியோவா சுருங்கிடும். இல்லன்னா கோடிலயே ஏசி3-யா (டால்பி டிஜிட்டலா) மாத்தி அனுப்பற ஆப்ஷன ஆன் பண்ணனும். அந்த இடத்துல மாறன் சொல்ற "பாதி" பொருந்தும். எந்த கனெக்‌ஷனப் பத்தி பேசறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கிட்டு அப்புறமா அடிச்சுக்கோங்க.

மதுரை_மாறன்:
பாத்தீங்களா! ரேவதி மேடமே பாதின்னு ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல என்னய்யா வேணும்? திரிய மூடிட்டு போங்கப்பா.

ரேவதி_ஹெச்டிபிசி:
நான் எழுதினதுல நாலு வரி இருக்கு. உங்களுக்கு எது இனிச்சுதோ அத மட்டும் எடுத்துக்கிட்டீங்க. உங்க வீட்ல இருக்கிறது எச்டிஎம்ஐ ரிசீவர்னு நீங்களே ஊரெல்லாம் ஃபோட்டோ போட்டிருக்கீங்க.

பிட்ரேட்_பாலா:
அதேதான் கேக்கறேன். அண்ணே, உங்க வீட்ல எச்டிஎம்ஐ, ரிசீவர், மேல ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு. அந்த செட்டப்ல பாஸ்த்ரூ போடலன்னா பாதின்னு சொல்றீங்க. சரி, படம் ஓடும்போது உங்க ரிசீவர் டிஸ்ப்ளேல என்ன எழுதியிருக்கு?

மதுரை_மாறன்:
டிஸ்ப்ளேவ எதுக்குய்யா பாக்கணும்? நான் படம் பாக்கிறேன். நீங்க ரிசீவர பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. போன பொங்கலுக்கு எச்டிஎம்ஐ கேபிள் திரிலயும் இதே கதைதான், தங்க முலாம் பூசினதுக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசமே இல்லன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கேட்டா டிஜிட்டல் டிஜிட்டல்னு ஒரே பாட்டு. காது இருக்கிறவன் கேப்பான், இல்லாதவன் டிஸ்ப்ளே பாப்பான்.

பிட்ரேட்_பாலா:
கேபிள் விஷயத்துல இன்னைக்கும் அதேதான் சொல்வேன். இப்ப டிஸ்ப்ளேல என்ன எழுதியிருக்கு?

கோவை_செல்வா:
டிஸ்ப்ளேல "தங்க முலாம்"னு வருதுங்களாம்.

பிட்ரேட்_பாலா:
ஏன் கேக்கறேன்னு சொல்றேன். அண்ணன் அவரோட கோடி செட்டிங்ஸ் மொத்தத்தையும் இங்கதான் போட்டு எல்லாரும் இப்படியே வைங்கன்னு சொன்னாரு. அதுல "சிங்க் ப்ளேபேக் டு டிஸ்ப்ளே" ஆன். அந்த ஆப்ஷன்மேல ரிமோட்ட வெச்சாலே கீழ விளக்கம் வரும், இத ஆன் பண்ணா பாஸ்த்ரூ ஓடாதுன்னு. ஏன்னா அது படத்த டிவியோட ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு (டிவி செகண்டுக்கு எத்தன தடவ படத்த மாத்திக் காட்டுதுங்கிறது) இழுத்துப் பிடிக்கும்போது ஆடியோவையும் லேசா நீட்டிக் குறைக்கணும், பிரிக்காத பிட்ஸ்ட்ரீம நீட்ட முடியாது. அதனால கோடி சத்தமில்லாம பாஸ்த்ரூவ விட்டுட்டு தானே டிகோட் பண்ணும். ஆக, அண்ணன் இத்தன நாளா ரசிச்சுக்கிட்டு இருக்கிறது நம்ம கோடி பிரிச்ச சவுண்டுதான். அவரு கணக்குப்படி பாதி சவுண்டு.

கோவை_செல்வா:
அடேங்கப்பா.

மதுரை_மாறன்:
அதெல்லாம் பழைய வெர்ஷன்ல. நான் எக்ஸ்பிஎம்சின்னு பேரு இருந்த காலத்துலேருந்து ஓட்டுறேன், 2014-ல கோடின்னு பேர மாத்தினப்ப இங்க பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியாது. எனக்கு செட்டிங்ஸ் சொல்லித் தர வந்துட்டாங்க. பாஸ்த்ரூ டிக் ஆன்ல இருக்கு, நான் கண்ணால பாக்கிறேன்.

பிட்ரேட்_பாலா:
டிக் இருக்கும்ணே, ஓடாது. பழைய வெர்ஷன்லதான் ரெண்டையும் சேத்து ஓட்ட வழி இருந்துச்சு, இப்ப இல்ல, நீங்க தலைகீழா சொல்றீங்க. படம் ஓடும்போது கீபோர்டுல ஓ (O) பட்டன அமுக்குங்க, ஆடியோ டிகோடர்னு ஒரு வரி வரும். பி.டி. (pt)ன்னு ஆரம்பிச்சா பாஸ்த்ரூ, எஃப்.எஃப். (ff)னு ஆரம்பிச்சா கோடியே பிரிக்குது. அதுவும் கஷ்டம்னா ரிசீவர் டிஸ்ப்ளே. டால்பி அட்மாஸ்னு வருதா, மல்டி சேனல்னு வருதா? ஒரே ஒரு வார்த்தை.

மதுரை_மாறன்:
என்கிட்ட கீபோர்டு கிடையாது. ரிமோட்தான்.

ரேவதி_ஹெச்டிபிசி:
மாறன் சார், "சிங்க் ப்ளேபேக்" எதுக்கு ஆன் பண்ணீங்க? ரெஃப்ரெஷ் ரேட்ட படத்துக்கு ஏத்த மாதிரி மாத்தற ஆப்ஷனும் உங்க லிஸ்ட்ல ஆன்தான். டிவியே படத்தோட 23.976 ஃப்ரேம் வேகத்துக்குப் போயிட்டா அது அநாவசியம்.

மதுரை_மாறன்:
ஜெர்க் வருதுல்ல மேடம். 24-ல ஓட்டினா நாப்பது செகண்டுக்கு ஒரு தடவ ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ வருது, எனக்குக் கண்ணுக்குத் தெரியும். சாதாரண ஆளுகளுக்குத் தெரியாது.

பிட்ரேட்_பாலா:
கணக்கு சரிதான், 23.976-அ 24.000-ல ஓட்டினா சுமாரா 41.7 செகண்டுக்கு ஒரு ஃப்ரேம் திரும்ப வரும். ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ வர்றது கண்ணுக்குத் தெரியுது, பாஸ்த்ரூ ஓடாதது காதுக்குத் தெரியல. நல்லா இருக்கு.

மதுரை_மாறன்:
தெரியுதுன்னுதானே சொல்றேன்! பாஸ்த்ரூ டிக்க எடுத்தா சவுண்டு செத்துப்போகுது, போட்டா உயிர் வருது. வீட்டுக்கு வந்து கேளுங்க, அப்புறம் பேசுங்க.

பிட்ரேட்_பாலா:
கோடி வால்யூம் எத்தனைல வெச்சிருக்கீங்க? முன்ன ஒரு காலத்துல உங்களுக்கு உண்மையாவே பாஸ்த்ரூ ஓடியிருக்கலாம், அப்ப கேட்ட வித்தியாசமா இருக்கும் அது. பாஸ்த்ரூல கோடியோட வால்யூம் வேலை செய்யாது, முழுசா அப்படியே போகும். டிகோட் பண்ணும்போது கோடி வால்யூம் கொறஞ்சு கிடந்தா சவுண்டும் கொறஞ்சுதான் வரும். சத்தம் கூட இருக்கிறது எல்லாருக்கும் நல்ல சவுண்டாத்தான் தோணும். லெவல ஒண்ணாக்கிட்டு கேட்டீங்களா? டிடிஎஸ் எச்டிங்கிற இன்னொரு ஆடியோ ஃபார்மட் விஷயத்துல ஒரு காலத்துல உங்க பேச்சுல நியாயம் இருந்துச்சு, 2016-க்கு முன்னாடி எஃப்எஃப்எம்பெக் அதோட கோர் (core, அடிப்படைப் பகுதி) மட்டும்தான் பிரிக்கும், 1.5 மெகாபிட் சமாச்சாரம், மீதிய விட்டுடும். அந்தக் காலத்துப் பேச்ச அப்படியே தூக்கிக்கிட்டு வந்து இப்பவும் உபதேசம் பண்ணிட்டு இருக்கீங்க.

மதுரை_மாறன்:
ஆங், கோர் மட்டும்! மீதிய விட்டுடும்! நீங்களே சொல்லிட்டீங்க. எல்லாரும் பாத்துக்கிருங்க, பாலாவே எழுதிட்டாரு பாதின்னு. இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

பிட்ரேட்_பாலா:
2016-க்கு முன்னாடின்னு அதே வரில இருக்குண்ணே!!

யாழ்_குமரன்:
அண்ணைமார், குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர வாய் அசையிற பிரச்சினைக்கு ஆராவது ஒரு வழி சொல்ல ஏலுமோ? பாஸ்த்ரூ எனக்கு வேண்டாம்.

ரேவதி_ஹெச்டிபிசி:
குமரன், டிவில மோஷன் ஸ்மூத்திங் மாதிரி இருக்கிறதையெல்லாம் நிறுத்திப் பாருங்க, அதுதான் படத்தப் பிடிச்சு வெச்சுக்கிட்டு லேட்டா காட்டும். பிசி சொருகியிருக்கிற எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு கேம் மோடு இருந்தா அதையும் போடுங்க. அதுக்கும் அசையலன்னா படம் ஓடும்போது ஆடியோ ஆஃப்செட்ட மாத்தி சத்தத்த கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்க. 24-க்கு மட்டும் தள்ளணும்னா அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் ஃபைல்ல ரெஃப்ரெஷ் ரேட்டுக்குத் தனித்தனியா மில்லி செகண்ட் கணக்குல எழுதலாம்.

மதுரை_மாறன்:
இந்த ஃபைல் எழுதற வேலையெல்லாம் எதுக்கு? பாஸ்த்ரூ போட்டா டிவி தானா சரி பண்ணிக்கிரும்.

ரேவதி_ஹெச்டிபிசி:
எது, சத்தமே வராம சரி பண்ணிக்குமா?

கோவை_செல்வா:
நடுவுல நானும் ஒண்ணு கேட்டுக்கறேனுங்க மாறண்ணா. இங்கயே விற்பனைப் பகுதில உங்ககிட்ட வாங்கின சப்வூஃபர் இன்னும் உர்ர்னு ஹம் அடிக்குதுங்க. படம் ஓடாத நேரத்துலயும் அடிக்குது. அதுக்கு பாஸ்த்ரூ போட்டா சரியாயிருங்களா?

மதுரை_மாறன்:
என் வீட்ல இருந்த வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல. உங்க வீட்டு எர்த் சரியில்ல, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பாருங்க. பொருள் மேல பழி போடாதீங்க.

கோவை_செல்வா:
எர்த் பாத்தாச்சுங்க. ரிசீவரோட ஒரே ப்ளக் பாயிண்ட்ல சொருகியும் பாத்தாச்சு. கேபிள் டிவி ஒயர கழட்டியும் பாத்தாச்சு. சிக்னல் ஒயர உருவிப் போட்டாலும் உர்ர்னுதாங்க கிடக்குது.

ரேவதி_ஹெச்டிபிசி:
சிக்னல் ஒயர் இல்லாமயே ஹம் வந்தா அது பெரும்பாலும் எர்த் இல்ல, உள்ள இருக்கிற ஆம்ப் போர்டுதான். பவர் சப்ளை கெப்பாசிட்டர பாக்கச் சொல்லுங்க.

மதுரை_மாறன்:
மேடம், நான் வித்தப்ப புதுசு மாதிரி இருந்துச்சு. இவரு அத அபார்ட்மெண்ட்ல முழு வால்யூம்ல போட்டு அடிச்சிருப்பாரு. திரி எங்கெங்கயோ போகுது, இது எல்லாம் பாலா பண்ற வேலை.

பிட்ரேட்_பாலா:
சப்வூஃபர வித்தது நானா? சரி விடுங்க. ரிசீவர் டிஸ்ப்ளேல என்ன எழுதியிருக்கு?

மதுரை_மாறன்:
டிஸ்ப்ளே லைட்ட டிம்மர்ல ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். படம் பாக்கும்போது கண்ணக் கூசுது. உண்மையான ஹோம் தியேட்டர் ரசிகன் எவனும் அத எரிய விடமாட்டான், இதுகூடத் தெரியல, வந்துட்டாரு.

பிட்ரேட்_பாலா:
ரிமோட்ல டிம்மர் பட்டன ஒரு தடவ அமுக்கினா எரியும்ணே.

மதுரை_மாறன்:
உங்களுக்காக நான் எதுக்குய்யா அமுக்கணும்? நீங்க முதல்ல உங்க செட்டப் ஃபோட்டோவப் போடுங்க பாப்பம். இத்தன வருஷத்துல ஒரு ஃபோட்டோ போட்டதில்ல. ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டு அட்மாஸ் பத்தி பாடம் எடுக்கிற ஆளுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

பிட்ரேட்_பாலா:
ஹெட்ஃபோன்ல கேட்டா என்ன? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரை_மாறன்:
ஒத்துக்கிட்டாரு! ஹெட்ஃபோன்! ரெண்டு காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர், இதுல எட்டு சேனல் பிசிஎம்மாம். செல்வா, இந்த ஆளு பேச்சக் கேட்டுத்தான் அந்த சப்வூஃபரயும் எங்கயோ நோண்டியிருக்கீங்க.

கோவை_செல்வா:
நான் யாரு பேச்சையும் கேக்கலீங்க, ஹம் மட்டும்தான் கேக்குது. காசு பாதியாவது திருப்பிக் குடுக்கறீங்களா?

மதுரை_மாறன்:
வித்த பொருளுக்கு காசு திருப்பற வழக்கம் இங்க கிடையாது, விற்பனைப் பகுதி விதிமுறைய போய்ப் படிங்க. பாலா, ஃபோட்டோ எங்க?