தெருமரத்தின் கிளையைக் கழிக்க அனுமதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னை மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மதிலை ஒட்டி, நடைபாதையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதன் ஒரு கிளை இரண்டாம் மாடி பால்கனி வரை நீண்டுவிட்டது. காற்றடித்தால் கம்பியில் உரசுகிறது. உரசிய இடத்தில் பட்டை உரிந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தக் கிளையை மட்டும் கழிக்க வேண்டும்.

மரத்தையே வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழு வரை போக வேண்டும் என்கிறார்கள். கிளை கழிப்பதற்கும் அதே வழிதானா, மாநகராட்சியின் பூங்காத் துறையிலேயே முடிந்துவிடுமா? மாநகராட்சியின் புகார் எண் 1913-ஐ அழைத்துச் சொன்னால் போதுமா, குடியிருப்போர் சங்கத்தின் கடிதமும் புகைப்படமும் நேரில் கொடுக்க வேண்டுமா?

“ஞாயிறு விடியற்காலையில் ஆள் வைத்து வெட்டிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் மாடி வீட்டு மாமா. (சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு யோசனைக்கு மட்டும் குறைவில்லை.) எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பக்கத்தை மொட்டையடித்தால் பாரமெல்லாம் மறுபக்கம் போய்விடும்; 2016 வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்! தண்டோடு ஒட்ட வெட்டாமல், கிளை தொடங்கும் புடைப்பை விட்டு வெட்டினால்தான் காயம் மூடும். அப்படி வெட்டத் தெரிந்த ஆளை மாநகராட்சியே அனுப்புமா, அனுமதி வாங்கி நாங்களே அமர்த்திக்கொள்ளலாமா?

அண்மையில் அனுமதி வாங்கியவர்கள் விவரம் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.