மாடிப் பைக் கத்திரிக்கு ருசி உண்டா, இல்லையா?

செம்மண்காடு:
பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டை மில்லுகள்ல மலையாக் குவியற நார்த்தூளைக் கட்டியா அமுக்கி விக்கறாங்க. அதைப் பையில ரொப்பி, நாலு கத்திரி நட்டு, "எங்க வீட்டு இயற்கைக் காய்"னு படம் போடறாங்க. படம் நல்லாத்தான் இருக்குது. குழம்பு வெச்சா சப்புன்னு இருக்குது. நார்த்தூள் மண்ணே இல்லீங்க. அதுல தழைச்சத்து ரொம்பக் கம்மி. அதை மக்க வைக்கற நுண்ணுயிர், செடிக்குப் போட்ட தழைச்சத்தையும் இழுத்துக்கும். நட்ட மூணாவது வாரம் அடி இலை மஞ்சளாகறது அதனாலதான்.

வாசல்ல எட்டடிக்கு நாலடி செம்மண் இருந்தாப் போதும். ரெண்டடிக்கு ரெண்டடி இடைவெளியில 8 கத்திரி வரும். குழிக்கு ரெண்டு கை மக்குன ஆட்டுப் புழுக்கை, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமா, மண்ணைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி. மறுப்பு இருந்தாச் சொல்லுங்க.

மொட்டைமாடி:
ஏனுங்ணா, கழுவாத நார்த்தூளை வெச்சு ஒட்டுமொத்தமாத் தீர்ப்பு எழுதறீங்களே? அந்த மஞ்சளுக்குப் பாதிக் காரணம் உப்பு. 5 கிலோ கட்டியைப் பெரிய டப்புல போட்டு 20, 25 லிட்டர் தண்ணி ஊத்துனா உப்பி 60 லிட்டருக்கு மேல வரும். தண்ணி டீ டிகாஷன் நிறத்துல இறங்கும். பிழிஞ்சு கொட்டிட்டு மறுபடியும் ஊத்தணும். மூணு தடவை கழுவி நிறம் வெளுத்தாத்தான் அது நடவுக்கு ஆகும். உப்புப் போர்த் தண்ணியில கழுவுனா கழுவுனதே வீண். மழைத்தண்ணியோ ஆத்துத்தண்ணியோ வேணும்.

வெறும் நார்த்தூள்ல யாரும் நடச் சொல்லலீங்க. செம்மண், கழுவுன நார்த்தூள், மக்குன எரு மூணும் சரிபங்கு. 15 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பைக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். நனைச்சுப் பத்து நாள் ஆறப் போட்டு நட்டா வேர் சூடு வாங்காது.

முழுக்கச் செம்மண் ரொப்புனா என்ன ஆகும்? அந்தப் பை சுமார் 34 லிட்டர் பிடிக்கும். நனைஞ்ச மண்ணோட 60 கிலோகிட்ட வரும். ஆள் நடமாடற மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்துல போட்டிருக்கற பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். ஒரு சதுர மீட்டர்ல நாலு மண்பை வெச்சாலே 240 கிலோ. கலவைன்னா அதுல பாதிக்குக் கொஞ்சம் எச்சு, அவ்வளவுதான். அதையும் பீமுக்கு நேரா, செவுத்தோரமா, ஸ்டாண்டு மேல வெக்கணும். தரையோட வெச்சா அடி ஓட்டை அடைச்சு, தண்ணி நின்னு, வேரும் அழுகும், தளமும் ஊறும்.

சந்தைக்கூடை:
ரெண்டு பேரும் மண்ணுக்குச் சண்டை போடறீங்க. கத்திரியை எதுக்குங்க வீட்டுல போடணும்? உழவர் சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் பொழுதோட பறிச்சது வெடியால வந்துருது. 1999-லிருந்து இந்த வசதி இருக்குது. கத்திரியும் வெங்காயமும் ஒரு ராத்திரியில கெட்டுப் போறதில்ல. சித்திரை வெயில்ல 30 பைக்கு, பைக்கு 2 லிட்டர்னு வெச்சாலும் தினம் 60 லிட்டர் தண்ணி. ஊட்டுல குடிக்கவே லாரி வர்ற தெருவுல இது அக்கிரமம்.

வீட்டுல போட வேண்டியது பறிச்ச உடனே வாடறது மட்டும்தான். சிறுகீரை விதைச்ச 25 நாள்ல பிடுங்கிறலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழையும். மல்லி விதையை ரெண்டா உடைச்சு விதைக்கணும். கூட ஒரு கறிவேப்பிலை, ஒரு செடிமுருங்கை. மழை பேஞ்சா வாசல்ல தானா மொளைக்கற பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் களைன்னு பிடுங்கி எறியாம இருந்தாலே வாரத்துல ரெண்டு கடைசல் இனாம்.

மண்சட்டி:
கூடையண்ணா, வெண்டையை விட்டுட்டீங்களே. பூ விழுந்த அஞ்சாறு நாள்ல பறிக்கணும், நுனி படக்குன்னு ஒடியணும். ரெண்டு நாள் தாமதிச்சா உள்ளே நார் கட்டிக்கும், அப்புறம் எந்தப் பக்குவமும் எடுபடாது. சந்தைக்காரங்களுக்கு எடை வேணும். பிஞ்சா யாரு பறிப்பாங்க?

கத்திரியிலயும் அதே கதைதான். சப்புன்னு இருக்குதுன்னு சொல்ற செம்மண்ணண்ணா காயை அறுத்துப் பாத்தீங்களா? தோல் மினுமினுப்பு மங்கியிருந்தா விதை முத்திருச்சு. கசப்பு அங்கிருந்துதான் வருது. தட்டப்பயறு கத்திரிக்காய்க் குழம்புக்கு, விதை வெள்ளையா, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமயும் இருக்கற காய் வேணும்.

நாலு பேருக்கு 150 கிராம் தட்டப்பயறை வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, குக்கர்ல நாலு விசில். சின்ன வெங்காயம் 10, வரமிளகாய் 4, மல்லி 2 ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன் எண்ணெயில வதக்கி, 3 ஸ்பூன் தேங்காயோட அரைச்சுக்கணும். கால் கிலோ கத்திரியைக் கடைசியா நறுக்கித் தண்ணியில போடுங்க, இல்லாட்டி கறுக்கும். காய் பயறோட முக்கால் பதம் வெந்தப்புறம்தான் புளி. முன்னாடியே புளி ஊத்துனா காய் வெறைச்சுக்கும், அரை மணி கொதிச்சாலும் குழையாது. குழம்பு சரியில்லைன்னு மண்ணைத் திட்டறவங்க பாதிப் பேர் பண்ற தப்பு இதுதான்.

செம்மண்காடு:
புளி சங்கதி ஒத்துக்கறேன். ஆனா பையில புழு மட்டும் வராதா? நுனி வாடித் தொங்குதுன்னா தண்டுக்குள்ள துளைப்பான் இருக்குது. அதுக்கும் பஞ்சகவ்யம் அடிங்கன்னு எழுதறாங்க.

மொட்டைமாடி:
அது தப்புதானுங்க. பஞ்சகவ்யத்தைப் பரப்புன கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்னது 3 சதம், லிட்டருக்கு 30 மில்லி, துணியில வடிகட்டி. அது வளர்ச்சிக்கு. புழு உள்ளே போயிட்டா வேப்பங்கொட்டைக் கரைசலும் எட்டாது. வாடுன நுனிக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி, உள்ளே புழுவைப் பாத்து நசுக்கிறணும். உரக்குழியில போட்டா அந்துப்பூச்சியாத் திரும்பி வரும். முட்டை பொரியறதுக்கு முன்னாடி தடுக்கத்தான் கரைசல்: 50 கிராம் கொட்டைப்பருப்புத் தூள் ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறி, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு, பொழுதோட அடிக்கணும். வெயில்ல அடிச்சா வீரியம் போயிரும்.

சந்தைக்கூடை:
பாகல்லயும் ஒண்ணு சொல்லிக்கறேன். பழ ஈப் பொறின்னு கடையில கேட்டா மாம்பழ ஈயை வாசனையில இழுக்கற மெத்தில் யூஜினால் கட்டையைக் கட்டிக் கொடுத்துருவாங்க. பாகல், பீர்க்கை ஈக்கு வேண்டியது கியூலூர்ங்கற வேற வாசனைக் கட்டை. மாத்திப் போட்டா பொறியில மாம்பழ ஈ நிறையும், பாகல்ல புழு நிறையும். அப்புறம், பீர்க்கம்பூ விரியறது பொழுதோடதான். வெடியால போயி கைமகரந்தம் தொட்டுட்டுப் பிஞ்சு நிக்கலைன்னு புலம்பாதீங்க. வெடியால தொடறது பூசணிக்கும் பாகலுக்கும்.

மொட்டைமாடி:
ருசிக்கு வர்றேன். செம்மண்ணண்ணா முதல் பதிவுலயே விடையைச் சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டாரு: காய்ச்சலும் பாய்ச்சலும். தரையில வேர் கீழே இறங்கி ஈரம் தேடும், அதனால நாலு நாள் காய்ஞ்சாலும் செடி தாங்கும், காயும் நீர்த்துப் போகாது. பையில பயந்துகிட்டு ரெண்டு வேளை ஊத்தறாங்க. தக்காளியும் கத்திரியும் தண்ணியாட்ட இருக்குது. நார்த்தூள் மேல பழி விழுது. தக்காளி நிறம் திரும்புனதும் தண்ணியைப் பாதியாக் குறைச்சுப் பாருங்க, ருசி கூடும். ஆனா காயவிட்டுட்டு ஒரேயடியா ஊத்துனா வெடிச்சிரும். பிஞ்சுப் பருவத்துல அப்படி ஏறுக்குமாறா விட்டா அடி கறுத்து அழுகும். மண்ணுல சுண்ணாம்பு இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததாலதான் அப்படி ஆகுது.

செம்மண்காடு:
தண்ணி குறைக்கலாம்னா எவ்வளவு? 12 அங்குலப் பையில நாலு நாள் விட்டா கருவாடுதான்.

மொட்டைமாடி:
நாள் கணக்கு வேண்டாங்ணா. விரலை ரெண்டு கணு உள்ளே விடுங்க. ஈரம் ஒட்டுனா இன்னிக்குத் தண்ணி வேண்டாம். மேலே வெள்ளையாப் பூத்திருந்தா அது உப்பு. அன்னிக்கு மட்டும் அடி ஓட்டையில ஓடற வரைக்கும் நல்ல தண்ணி ஊத்துங்க. ஆடி முதல் வாரம் நாத்து விட்டா 30, 35 நாள்ல நடலாம். ஒரே விதை, எட்டு உங்க வாசல்ல, எட்டு பையில.

மண்சட்டி:
ரெண்டையும் தனித்தனிச் சட்டியில வெக்கணும். புளி கடைசியில.