அனுபவப் பகிர்வு: காவல் நிக்கிற பகுதியிட்ட முதல் அனுமதி (கொழும்பில இருந்து மூண்டு பேர் எழுதினது)

வெள்ளவத்தை, உளவளத்துணை

மனசைப் பல பகுதிகள் சேர்ந்த குடும்பம் மாதிரிப் பாக்கிற சிகிச்சை முறை ஒண்டு இருக்கு: ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கின ஐஎஃப்எஸ் (Internal Family Systems). அவசரப்பட்டால்தான் அது பிழையாப் போறது. சிகிச்சைக்கு வந்தவர் முதல் நாளே 1983 ஆடிக் கலவரத்தைத் தொட்டால் நாங்களும் பின்னால ஓடிடுறம். காயப்பட்ட பகுதிக்கு முன்னால ரெண்டு வகைக் காவல் நிக்குது. ஒண்டு மனேஜர்: வாசலில நிண்டு அடையாள அட்டை பையில இருக்கோ எண்டு மூண்டு தரம் பாக்கிறது அதின்ர வேலை. மற்றது தீயணைப்பு: நோவு மேல வந்தாப் பிறகு குடி, கத்தல், விடியும்வரை போன். இவையளைக் கேக்காமல் உள்ள போனால் அண்டிரவே திருப்பி அடிக்கும். தலையிடி, வீட்டில சண்டை, அடுத்த கிழமை ஆள் வரமாட்டார்.

அதால முதலில, அந்தக் காவல் உடம்பில எங்க எண்டு கேளுங்க. தாடையா, நெஞ்சா? கவனத்தை அங்க வைக்கச் சொல்லிப்போட்டு, "அதைப் பாக்க உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு?" எண்டு கேளுங்க. "எரிச்சலா இருக்கு" எண்டால் கதைக்கிறது இன்னொரு பகுதி. கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க. "பாவம், ஏன் இப்பிடிக் கிடந்து மாயுது?" எண்டு வந்தால் மேல போகலாம். பிறகு காவலிட்டயே கேக்கிறது: "இந்த வேலையை விட்டால் என்ன நடக்கும் எண்டு பயம்?" காயம் எங்க எண்டு பதிலே காட்டும்.

கொட்டாஞ்சேனை

ஒரு பொறி இருக்கு. "எனக்கு அதில இரக்கம்தான், சீக்கிரம் சுகமாகட்டும்" எண்டு சொல்றதும் பெரும்பாலும் மனேஜர்தான். உண்மையான இரக்கத்துக்கு அவசரம் இருக்காது.

சொல்லும் முக்கியம். ஒளிச்சு வைச்ச காயப்பட்ட பகுதிக்கு ஆங்கிலத்தில exile எண்டு பேர். அதை "நாடுகடத்தப்பட்டது" எண்டு மொழிபெயர்த்தால் எங்கட ஆக்களுக்கு டொரோண்டோவில இருக்கிற மச்சான்தான் ஞாபகம் வரும். "பூட்டி வைச்ச பிள்ளை" எண்டால் உடன விளங்கும். காவலோட "நீங்க" எண்டு மரியாதையாக் கதையுங்க, பிள்ளையோட "நீ". ஆங்கிலத்தில சரளமாக் கதைக்கிறவரெண்டாலும், பிள்ளைப் பகுதியிட்டக் கேக்கேக்க வீட்டுத் தமிழில கேட்டுப் பாருங்க.

பம்பலப்பிட்டி, உளவியல்

காயப்பட்ட பகுதி சுமக்கிற பழைய நம்பிக்கையை விடவைக்கிற சுமையிறக்கத்தை ஆக்கள் சடங்கு மாதிரி முதலிலயே செய்யப் பாக்கினம். பிள்ளை தான் கண்டதை முழுசாச் சொல்லி, கேட்டவருக்கு விளங்கினது எண்டு தானே ஒப்புக்கொள்ள வேணும். பிறகு அந்த இடத்தில இருந்து அதைக் கூட்டிக்கொண்டு வரவேணும். அதுக்குப் பிறகுதான், "என்னாலதான் நடந்தது" எண்ட நம்பிக்கையைத் தண்ணியிலயோ நெருப்பிலயோ காத்திலயோ விடுறது. எதில எண்டு பிள்ளைதான் சொல்லும். கடல் பக்கத்தில இருக்கு எண்டு நாங்கள் கடலைத் திணிக்கக்கூடாது.

சான்றையும் மறைக்காமல் சொல்லுவம். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டலில மனவடுவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண்ணசைவோட செய்யிற ஈஎம்டிஆர் (EMDR) சிகிச்சையும் இருக்கு, இது இல்லை. குரல் கேக்கிறவர், தற்கொலை எண்ணம் முத்தினவர் எண்டால் பகுதிகளைத் தேடப் போகாதீங்க: முதல் மனநல மருத்துவர், இரவெண்டால் 1926 மனநல உதவித் தொலைபேசி.

வெள்ளவத்தை, உளவளத்துணை

ஒண்டு விட்டுப்போச்சு. மணித்தியாலத்தில கடைசி 15 நிமிசம் காயத்துக்கு உள்ள போகக்கூடாது. காவலுக்கு நன்றி சொல்லி, கால் நிலத்தில படுதா எண்டு கேட்டு, அறையில தெரியுற அஞ்சு சாமானைச் சொல்லச் சொல்லுங்க. அவர் காலி வீதியை (Galle Road) கடந்து பஸ் ஏறவேணும்.