ஆண் பூச்சி தன் இணையையே காயப்படுத்துவதை இயற்கைத் தேர்வு ஏன் களைந்துவிடவில்லை?

கேள்வி: இளங்கலை_விலங்கியல்

வணக்கம். மூட்டைப்பூச்சியின் இனப்பெருக்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. பெண்ணுக்கு முறையான பிறப்புறுப்பு இருக்கிறது. முட்டையும் அந்த வழியாகத்தான் இடுகிறது. ஆனால் ஆண் அந்த வழியைப் பயன்படுத்துவதே இல்லை. ஊசி போன்ற உறுப்பால் பெண்ணின் வயிற்றைக் குத்தி விந்தை உடலுக்குள்ளேயே செலுத்துகிறது. விந்தணுக்கள் உடல் திரவம் வழியாக நகர்ந்து சூலகத்தை அடைகின்றன.

அந்த ஆணின் வாரிசுகளைச் சுமக்கப்போவது அந்தப் பெண்தான். அதைக் காயப்படுத்தினால் ஆணுக்கும் நஷ்டம்தானே? இப்படிப்பட்ட ஆண்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா? கேட்டவரை எல்லாரும் "இனம் பெருக வேண்டுமே, அதற்காகத்தான்" என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

பதில்: பயறுவண்டு

தம்பி, போதாமல்தான் இருக்க வேண்டும். "இனம் பெருக" என்ற விளக்கத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இயற்கைத் தேர்வு இனத்தின் நலனைக் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த ஆணின் வாரிசுகள் எத்தனை, பக்கத்து ஆணின் வாரிசுகள் எத்தனை என்பது மட்டும்தான் அங்கே எண்ணப்படுகிறது.

இப்போது உங்கள் கேள்வியை இப்படிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் மிச்ச ஆயுளில் இந்த ஆணுக்கு என்ன பங்கு? பெண் வாழ்நாள் முழுக்க இதே ஆணோடு மட்டும் சேர்ந்தால், பெண்ணுக்கு வரும் நஷ்டம் முழுக்க ஆணுக்கும் வரும். ஆனால் பெரும்பாலான பூச்சிகளில் பெண் அடுத்து இன்னொரு ஆணோடு சேரும். பல இனங்களில் கடைசியாகச் சேர்ந்த ஆணின் விந்துதான் முந்திக்கொள்கிறது. ஆக, அடுத்த வாரம் அந்தப் பெண் இடப்போகும் முட்டைகளில் முதல் ஆணுக்குச் சொற்பப் பங்குதான் மிஞ்சும். அந்த அடுத்த வாரத்தைப் பணயம் வைத்து இன்றைக்கு இன்னும் சில முட்டைகளைத் தனதாக்கிக்கொள்ளும் ஆண்தான் ஜெயிக்கிறது. ஜெஃப்ரி பார்க்கர் 1979-இல் இந்தத் தர்க்கத்தை முறையாக எழுதிவைத்தார்.

இது வெறும் ஊகம் இல்லை, சோதித்திருக்கிறார்கள். பழ ஈயின் விந்துத் திரவத்தில் இருக்கும் புரதங்கள் பெண்ணின் மறுபுணர்ச்சி நாட்டத்தைக் குறைக்கும், முட்டையிடுவதை முடுக்கிவிடும். கூடவே பெண்ணின் ஆயுளையும் குறைக்கும். ஹாலண்டும் ரைஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 47 தலைமுறைகளுக்கு ஒரு பெண்ணுக்கு ஒரே ஆண் என்று கட்டாயப்படுத்தி வளர்த்தார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள். ஒற்றைத் துணை வழியில் வந்த ஆண்கள் பெண்ணுக்குச் செய்யும் தீங்கு குறைந்துபோனது. அந்த வழிப் பெண்களின் தாங்கும் திறனும் குறைந்தது, ஏனென்றால் அதற்குத் தேவையே இல்லை. மொத்தக் கூட்டத்தின் இனப்பெருக்க வேகமோ கூடியது. அதாவது, போட்டியை எடுத்துவிட்டால் ஆண், பெண் இருவர் நலனும் ஒன்றாகிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை இல்லை.

நான் ஆய்வகத்தில் வளர்ப்பது பயறு வண்டுகளை. ஆணின் குறி முழுக்க முட்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் தண்டாயுதத்தின் தலைபோல இருக்கும். புணர்ச்சி தொடங்கிச் சில நிமிடங்களில் பெண் பின்னங்கால்களால் ஆணை உதைக்கத் தொடங்கும். சும்மா தட்டுவது இல்லை, விடாமல், ஆண் பிரிந்து போகும்வரை உதைக்கும். அப்புறம் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையை வெட்டிப் பார்த்தால் உட்சுவரில் துளைகள் தெரியும். 2000-இல் கிரட்ஜிங்டனும் சிவா-ஜோதியும் பெண்ணை உதைக்க முடியாமல் செய்து பார்த்தார்கள். புணர்ச்சி நீண்டது, காயமும் மோசமானது. உதைப்பது தற்காப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பதில்: குளத்துப்பூச்சி

மேலே சொன்னதில் பெண்ணின் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகங்களில் பெண் பூச்சி எப்போதும் சும்மா வாங்கிக்கொள்வதாகவே வருகிறது.

நீங்கள் கேட்ட மூட்டைப்பூச்சியிலேயே, ஆண் வழக்கமாகக் குத்தும் இடத்தில், வயிற்றின் அடிப்புறம் ஒரு பக்கமாக, பெண்ணுக்குத் தனியாக ஓர் உறுப்பு உண்டு. நோயெதிர்ப்புச் செல்கள் நிறைந்த பை அது. ரைன்ஹார்ட்டும் குழுவும் 2003-இல் கிருமி தடவிய ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அந்த உறுப்பின் வழியே குத்தினால் பெரிய பாதிப்பில்லை. வேறு இடத்தில் குத்தினால் ஆயுளும் முட்டையும் குறைந்தன. குத்துவதைத் தடுக்க முடியாத நிலையில், குத்து விழும் இடத்தைப் பெண் தயார்படுத்தி வைத்திருக்கிறது.

நீரின் மேல் ஓடும் பூச்சிகளில் சண்டை இன்னும் வெளிப்படையானது. ஆசியாவில் இருக்கும் கெரிஸ் கிராசிலிகார்னிஸ் என்ற இனத்தில் பெண்ணுக்குப் பிறப்புறுப்பை மூடும் கவசம் உண்டு. பெண்ணாகத் திறக்காமல் ஆணால் எதுவும் செய்ய முடியாது. சரி, ஆண் என்ன செய்கிறது? முதுகில் ஏறிக்கொண்டு காலால் நீரைத் தட்டுகிறது. அந்த அதிர்வு, நீருக்குள் மல்லாந்து நீந்தும் வேட்டைப்பூச்சிகளை இழுக்கும். கீழே இருப்பது பெண், முதலில் சாகப்போவதும் பெண். கவசத்தைத் திறந்ததும் தட்டுவது நின்றுவிடும். ஹானும் யப்லோன்ஸ்கியும் 2010-இல் இதைக் காட்டினார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்: இரண்டாம்கருத்து

உண்மைகள் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. "காயப்படுத்துவதே ஆணின் உத்தி" என்ற முடிவுக்கு இதைப் படிப்பவர்கள் வந்துவிடக்கூடாது. பயறு வண்டின் முட்களை 2012-இல் லேசரால் நறுக்கிப் பார்த்தார்கள். முள் குட்டையான ஆண்கள் மற்ற ஆண்களோடான கருத்தரிப்புப் போட்டியில் பின்தங்கின. அதாவது தேர்வு முள்ளுக்குப் பரிசு தருவது கருத்தரிப்பு வெற்றிக்காக. காயம் அதன் பக்கவிளைவு. இந்த வேறுபாடு முக்கியம்.

இன்னொன்று, பெண் மறுபடி சேர்வதில் லாபமும் இருக்கிறது. இதே வண்டில் ஆணின் விந்துத் திரவம் அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால் மிக அதிகம். தண்ணீர் கிடைக்காத பெண்கள் அதிக முறை சேர்கின்றன என்று 2007-இல் எட்வர்ட்சன் காட்டியிருக்கிறார். தாகத்துக்காகக் காயத்தை ஏற்கிறது என்று சொல்லலாம். மோதல் என்ற ஒரே கண்ணாடியால் பார்த்தால் இது தெரியாது.

இளங்கலை_விலங்கியல்

மூவருக்கும் நன்றி. அக்கா, ஒரு கேள்வி மிச்சம். எல்லா உதாரணத்திலும் ஆண்தான் தாக்குகிறது. ஆணாக இருப்பதாலேயே அப்படியா?

பதில்: பயறுவண்டு

இல்லை. இணை கிடைப்பது யாருக்கு அரிதோ, அந்தப் பாலினம்தான் வற்புறுத்தும். பிரேசில் குகைகளில் வாழும் நியோட்ரோக்ளா என்ற சின்னஞ்சிறு பூச்சியில், 2014-இல் யோஷிசாவா குழு விவரித்தபடி, குறி போன்ற உறுப்பு பெண்ணுக்கு இருக்கிறது! பெண் அதை ஆணுக்குள் செலுத்தி, முட்களால் கொக்கி போட்டு, 40 முதல் 70 மணி நேரம் பிடித்துவைக்கிறது. இணைந்திருந்த ஒரு ஜோடியைப் பிரிக்க இழுத்தபோது ஆணின் வயிறு மார்பிலிருந்து பிய்ந்து வந்தது, பிடி விடவில்லை. உணவு அரிதான அந்தக் குகையில் ஆணின் விந்துப் பொதி சத்துள்ளது. பெண்கள் அதற்காகப் போட்டி போடுகின்றன என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

இரண்டாம்கருத்து சொன்ன எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பயறு வண்டு ஒரே ஒரு முட்டை இட்ட விதைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். வெளிவரும் வண்டு வேறெதோடும் சேராததாக இருக்கும். வயிற்றின் நுனித் தகட்டில் இருபுறமும் கரும்பட்டை இருந்தால் பெண். பாதிப் பெண்களுக்கு ஈரப்பஞ்சு வையுங்கள், மீதிக்கு வைக்காதீர்கள். முதல் புணர்ச்சி முடிந்த மறுநாளிலிருந்து தினமும் புது ஆண் ஒன்றைக் கொஞ்ச நேரம் விட்டு, எந்தப் பெண் எந்த நாளில் ஏற்றுக்கொள்கிறது, உதை எப்போது தொடங்குகிறது, எப்போது பிரிகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அட்டவணையை இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.