டேலி டேட்டாவுக்கு கூகுள் டிரைவ் போதுமா, கழற்றி வைக்கிற டிஸ்க் வேணுமா?

பின்னல்காரன்:
திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட். 9 கம்ப்யூட்டர், ஒண்ணுல டேலி கணக்கு சாஃப்ட்வேர். அதோட டேட்டா ஃபோல்டர் அப்படியே கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகுது, இங்க மாறினா அங்கயும் தானா மாறும். ரேன்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸ் வந்தா இது போதுமா? தனியா டிஸ்க் வாங்கச் சொல்றார் ஆடிட்டர். சர்வீஸ் பண்ற தம்பி வேண்டாங்கிறார்.

சர்வர்சாமி:
வாங்குங்க. சிங்க் வேற, பேக்கப் வேற. வைரஸ் ஃபைலைப் பூட்டினா, பூட்டின ஃபைல்தான் டிரைவுக்கும் ஏறும். விண்டோஸ் அதே கம்ப்யூட்டர்லயே எடுத்து வைக்கிற பழைய நகலை (ஷேடோ காப்பி) நம்பாதீங்க, பல ரேன்சம்வேர் அதைத்தான் முதல்ல அழிக்கும். ரெண்டு டிஸ்க், வாரத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி. காப்பி முடிஞ்சதும் கழற்றணும்.

மேகராஜன்:
கழற்றுவாங்கன்னு நம்பறீங்களா சாமி? ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்துல சொருகினது சொருகினபடியே கிடக்கும், சி டிரைவோட சேர்ந்து அதுவும் போகும். 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்தப்போ, தரைத்தளத்து பீரோவுக்குள்ள இருந்த டிஸ்க் யாருக்கு உதவியிருக்கும்? டிரைவ்ல பழைய பதிப்பு 30 நாள் இருக்கு, எடுத்துக்கலாம்.

சர்வர்சாமி:
30 நாள் இல்லேன்னா 100 பதிப்பு, எது முந்துதோ அது வரைக்கும்தான். டேலியில வவுச்சர் போடப் போட ஃபைல் மாறிக்கிட்டே இருக்கும், 100 சீக்கிரமே தீரும். அதைவிடப் பெரிய சிக்கல்: அந்த ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் எல்லாம் ஒரே நேரத்துப் பதிப்பா இருந்தாத்தான் டேலியில உங்க கம்பெனி கணக்கு திறக்கும். ஒண்ணு 11 மணிக்கும் இன்னொண்ணு 4 மணிக்கும் எடுத்ததா இருந்தா எரர்தான். அதனால நேரடி ஃபோல்டரை சிங்க் போடறதே தப்பு. டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை மட்டும் ஏத்துங்க.

2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் தாக்கினப்போ மேர்ஸ்க் கப்பல் கம்பெனியோட டொமைன் கன்ட்ரோலர்கள் (நெட்வொர்க்ல யார் நுழையலாம்னு பார்த்துக்கற சர்வர்கள்) ஒண்ணுக்கொண்ணு சிங்க்லதான் இருந்தது. அத்தனையும் போச்சு. கானாவுல கரண்ட் போய் ஆஃப் ஆகிக் கிடந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சது.

மேகராஜன்:
கரண்ட் கட்டை நம்பியா தொழில் நடத்தறது! சிங்க் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா அதுக்குப் பதில் டிஸ்க் இல்ல, ஆப்ஜெக்ட் லாக் (குறிச்ச நாள் வரைக்கும் ஃபைலை அழிக்க விடாத பூட்டு) உள்ள கிளவுட் ஸ்டோரேஜ். 30 நாள் பூட்டு போட்டா, பாஸ்வேர்டைத் திருடினவனாலயும் அதுவரைக்கும் அழிக்க முடியாது.

சர்வர்சாமி:
அந்தப் பூட்டை யாராலயும் நீக்க முடியாத கம்ப்ளையன்ஸ் மோடுல வெச்சாத்தான். கவர்னன்ஸ் மோடுன்னா தனி அனுமதி உள்ள அக்கவுண்ட் பூட்டை நீக்கிடும். அப்புறம் திரும்ப இறக்கற நேரம்: உங்ககிட்ட 200 ஜிபி டிசைன் ஃபைல் இருக்குன்னு வெச்சுக்கிட்டா, 50 எம்பிபிஎஸ் லைன்ல முழு வேகம் கிடைச்சாலே 9 மணி நேரம். யூஎஸ்பி 3 டிஸ்க்ல முக்கால் மணிக்குள்ள முடியும்.

லாக்பார்வை:
ரெண்டையும் வைங்க, செலவு ஒண்ணும் பெருசில்ல. மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, டிரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்கோட இருப்புப் பட்டியல்) பேக்கப் எடுத்த அன்னைக்கு பிரின்ட் எடுத்ததோட ஒப்பிடுங்க. இதை யாரும் செய்யறதில்ல, பேக்கப் இருந்தும் மாட்டறது அங்கதான்.

ஆனா கொல்லைக் கதவைத் திறந்து போட்டுட்டு பீரோ சாவிக்கு சண்டை போடறீங்களே. ரவுட்டர்ல 3389 போர்ட் திறந்திருக்கா பின்னல்? வெளியில இருந்து கம்ப்யூட்டரை இயக்கற ரிமோட் டெஸ்க்டாப்போட வாசல் அது, அது வழியாத்தான் பல பேர் உள்ள வர்றான். அப்டேட்டும் பாருங்க. வானாக்ரை ரேன்சம்வேர் 2017 மே 12ல பரவுச்சு, அந்த ஓட்டையை அடைக்கிற மைக்ரோசாஃப்ட் பேட்ச் மார்ச்லயே வந்தாச்சு. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது.

மாட்டிக்கிட்டா முதல்ல லேன் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணைங்க. ஃபார்மட் பண்ணிடாதீங்க, தடயம் போயிடும். தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கணும், 2022 உத்தரவு அது.

பின்னல்காரன்:
3389 திறந்துதான் இருக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து அதுலதான் டேலிக்குள்ள வர்றாங்க.

சர்வர்சாமி:
இப்பவே மூடுங்க. விபிஎன் (வெளியில இருந்து பாதுகாப்பா உள்ள வர்ற தனி வழி) போடற வரைக்கும் பேக்கப் ஃபைலை அவங்களுக்கு அனுப்பிடுங்க.