போட்வின் ஈயத்துக்குச் செட்டிநாட்டில் பலகை வைக்கலாமா?

முகப்புத்திண்ணை:
காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் சிறு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல் என்ற வழக்கமான வரிசையோடு இம்முறை உலோகத்துக்கும் ஓர் அலமாரி உண்டு. அதில் இருப்பவை: வார்ப்பிரும்புத் தூணைக் கல்லில் பூட்ட அதன் அடியில் ஊற்றிய காரீய (lead) வார்ப்பு ஒன்று, வெள்ளீயத்தில் (tin) செய்த ஈயச்சொம்பு இரண்டு, செந்நிறப் பூச்சு ஒட்டியிருக்கும் கிராதித் துண்டு ஒன்று. பலகைக்கு என் வரைவு:

"வட பர்மாவின் போட்வின் சுரங்கம் இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகின் பெரிய ஈய - வெள்ளிச் சுரங்கங்களுள் ஒன்று. நகரத்தார் முதலீட்டில் தழைத்த பர்மாவில் உருக்கப்பட்ட அந்த ஈயமே ரங்கூன் வழியாக வந்து இவ்வீடுகளின் தூண்களைத் தாங்கியது."

கருத்துச் சொல்லுங்கள். தேக்கு வந்த கப்பலில் ஈயமும் வந்திருக்காது என்று யாராவது சொல்ல முடியுமா?

உலைவாய்:
"வந்திருக்காது என்று சொல்ல முடியுமா" என்பது பலகைக்கு ஆதாரம் ஆகாது. முதலில் காலத்தைப் பாருங்கள்.

போட்வினில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து சீனர்கள் தோண்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது வெள்ளி. காலீனா என்ற ஈயத் தாதுவில் எடைக்கு 86 சதவீதத்துக்கு மேல் ஈயம். வெள்ளி மிகச் சிறு பங்கு. தாதுவை வறுத்துக் கந்தகத்தை ஓட்டி, கரியோடு உருக்கினால் வெள்ளி கலந்த ஈயம் இறங்கும். அந்த ஈயத்தைச் சாம்பல் படுக்கையில் வைத்துக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் ஈயம் மிருதார்சிங்கியாக (ஈய ஆக்சைடாக) மாறிச் சாம்பலில் ஊறிப்போகும். வெள்ளி மட்டும் மணியாக நிற்கும். ஈயத்தைக் கோவேறு கழுதைமேல் ஏற்றி மலை கடத்தினால் கூலிகூடக் கட்டாது. ஆகவே ஏராளமான ஈயம் கசடோடு கசடாக அங்கேயே குவிந்தது. 1860களில் சீனர்கள் விட்டுப்போனார்கள்.

1900களில் வந்த ஆங்கிலக் கம்பெனி முதலில் உருக்கியது புதுத் தாதுவை அல்ல, அந்தக் கசடு மேட்டைத்தான். அதற்கும் ரயில் தேவைப்பட்டது. மாண்டலேயிலிருந்து லாஷியோ போகும் பாதையில் கோக்டெய்க் இரும்புப் பாலம் 1900இல் முடிந்தது. அந்தப் பாதையின் நாம்யாவ் நிலையத்திலிருந்து நாம்டூ, போட்வின் வரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சுமார் 50 மைல் கிளைப்பாதை போட்ட பிறகுதான் ஈயம் துறைமுகத்தைப் பார்த்தது. அப்படியானால் 1880இல், 1895இல் நின்ற தூணுக்கு அடியில் போட்வின் ஈயம் எப்படி வரும்? அந்தத் தூண் நின்ற ஆண்டு என்ன என்று வரைவில் ஒரு சொல்லும் இல்லை.

பெட்டியடி:
உலைவாய் உலோகத்தைப் பார்த்தாரு, நான் பணத்தைப் பாக்குறேன். "நகரத்தார் முதலீட்டில் தழைத்த" அப்படின்னு எழுதி அடுத்த மூச்சுல சுரங்கத்தைச் சொன்னா, படிக்கிறவன் என்ன நினைப்பான்? நம்ம ஆளுங்க சுரங்கத்துல பணம் போட்டாங்கன்னுதான்.

1929-30ல நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கை, அங்கே இருந்த செட்டியார் வட்டிக்கடைகள் சுமார் 1,650, போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய்னு கணக்கிட்டுது. அதுல பெரும்பகுதி கீழ்ப் பர்மாவுல, ஐராவதிப் படுகை நெல் நிலத்து மேல குடுத்த கடன். உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும் கடன் நிலமாத் திரும்பி வந்துச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல 6 சதவீதமா இருந்த செட்டியார் நிலம், 1930களின் பின்பாதியில கால் பங்கு ஆயிடுச்சு. போட்வினோ வடக்கே ஷான் மலையில, பெரும்பாலும் லண்டன் பங்குச் சந்தைப் பணம். அதுல காசு பண்ணினவங்கள்ல ஒருத்தர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன ஹெர்பர்ட் ஹூவர். நம்ம பெட்டியடிக்கும் அந்தச் சுரங்க வாசலுக்கும் நடுவுல பர்மாவே குறுக்க கிடக்கு.

சுரங்கத்தோட நகரத்தார் தொடர்பு வேணும்னா மலாயாவுக்குப் போங்க அண்ணே. பேராக்கில் சீனச் சுரங்க முதலாளிகளுக்குச் செட்டியார் கடன் உண்டு. ஆனா அது வெள்ளீயம், போட்வின்ல எடுத்த காரீயம் இல்லை. உங்க அலமாரியில அதுக்குப் பொருளும் தயாரா இருக்கு, அந்த ரெண்டு சொம்பு.

முகப்புத்திண்ணை:
தம்பி பெட்டியடி, முதல் போட்டால்தான் தொடர்பா? தேக்குக் காட்டையும் நகரத்தார் வாங்கவில்லை. பெரிய குத்தகைகள் ஆங்கிலக் கம்பெனிகளிடம் இருந்தன. அதற்காகப் பர்மாத் தேக்கு நம் பாரம்பரியம் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. ரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி (வணிகக்கூடம்) வைத்திருந்தவர்கள் அங்கே கிடைத்த சரக்கை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1910க்கும் 1940க்கும் நடுவில் கட்டிய வீடுகள் கணிசம். உலைவாய் சொன்ன ரயில் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. காலம் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

உலைவாய்:
தேக்கும் ஈயமும் ஒன்றல்ல. தேக்கு மரத்தை அறுத்தால் அது அதே மரம். ரேகை, நிறம், வாசனை எல்லாம் கூடவே வரும். ஈயத்தை இருமுறை உருக்கினால் ஊர் பேர் போய்விடும். மேலும் அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயமும் பெருமளவு புழங்கியது. அங்கே தாது கண்டது 1883இல். நம் துறைமுகத்துக்கு எந்தப் பாளம் வந்தது என்று ஊகத்தால் பிரிக்க முடியாது.

சோதனையால் பிரிக்கலாம். ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட அணு வகைகள்): 204, 206, 207, 208. முதலாவது மாறாதது, மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் காலப்போக்கில் கூடுபவை. தாது உருவான கணத்தில் விகிதம் உறைந்துவிடும். புரோக்கன் ஹில் தாது சுமார் 170 கோடி ஆண்டுப் பழசு; அதன் 206/204 விகிதம் 16ஐ ஒட்டி நிற்கும். போட்வின் தாது கிடக்கும் எரிமலைப் பாறை சுமார் 50 கோடி ஆண்டுதான். அங்கே விகிதம் தெளிவாகக் கூடுதல். சில மில்லிகிராம் சீவல் போதும். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி இதற்கு உதவாது. அது எவ்வளவு ஈயம் என்று சொல்லும், எந்த ஈயம் என்று சொல்லாது. போதாக்குறைக்கு ஈயத்தின் ஒரு கோடும் ஆர்சனிக்கின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். கருவி எண்ணைக் காட்டிவிட்டது என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.

சுண்ணாம்புக்கலவை:
சீவல் எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த வார்ப்பு எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லாட்டி தப்பான இடத்துல சுரண்டுவீங்க.

கருங்கல் பீடத்துல வெட்டுற குழி, வாய் குறுகி அடி அகன்று இருக்கணும். ஈயம் கல்லோட ஒட்டாது. அந்தக் குறுகல்தான் பூட்டு. நேர்க் குழியா வெட்டிட்டா நாலு வருஷத்துல தூண் அடியில நீட்டியிருக்கிற இரும்பு முளை கையோட வந்துரும். ரெண்டு அங்குலச் சதுரம், நாலு அங்குல ஆழம், நடுவுல ஒரு அங்குல முளைன்னு வச்சுக்கிட்டா ஒரு குழிக்கு ரெண்டு, ரெண்டரை கிலோ ஈயம் பிடிக்கும். குழியில தணல் போட்டு நல்லாக் காய வைக்கணும். ஈரம் இருந்தா ஆவி வெடிச்சு உருகின ஈயம் முகத்துல தெறிக்கும். 327 டிகிரில உருகும், ஆனா அதே சூட்டுல ஊத்தினா பாதிக் குழியிலேயே உறைஞ்சு போகும். 400 பக்கம் ஏத்தணும். காய்ஞ்ச குச்சியை விட்டா கருகணும், தீப்பிடிக்கக் கூடாது. களிமண் வரம்பு கட்டி ஒரே மூச்சுல ஊத்தணும். நிறுத்தி நிறுத்தி ஊத்தினா அடுக்கடுக்கா உறையும், அடுக்குக்கு நடுவுல தண்ணி இறங்கி முளை துருவேறும். துரு ஊதினா கல்லே பிளக்கும். கடைசியா, ஆறும்போது கொள்ளளவு மூணரை சதவீதம் போலச் சுருங்கும், அதனால மழுங்கின உளி வச்சு சுத்திலும் தட்டி இறுக்கணும்.

இப்போ விஷயம். உருக்குற சட்டியில பழைய குழாய் மூட்டு, பற்றுவைத்த துண்டு, மிச்சம் மீதி எல்லாம் போடுறது வழக்கம். ஒரு சட்டியில மூணு தேசத்து ஈயம் இருந்தா உலைவாயோட விகிதம் நடுவுல எங்கேயோ போய் நிக்கும். அப்போ என்ன எழுதுவீங்க?

உலைவாய்:
கலப்பு என்று எழுதலாம். விகிதம் 16ஐ நோக்கிச் சாய்ந்தால் புரோக்கன் ஹில் கலந்திருக்கிறது என்றாவது சொல்லலாம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் தென்பட்டால் பழைய பற்றோ அச்செழுத்து உலோகமோ சட்டியில் விழுந்திருக்கிறது. அந்த மாதிரியை மூல ஆய்வுக்கே எடுக்கக்கூடாது.

வளவுக்காரி:
ஆளாளுக்கு மூலம் தேடுறீங்க. அலமாரியில இருக்கிற பொருளைப் பத்தி ஒருத்தரும் பேசலை.

அந்தக் கிராதித் துண்டுல இருக்கிற செந்நிறம் ஈயச் செந்தூரமா இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு துருவேறாம இருக்க முதல் பூச்சா அடிச்சது. ஈயத்தைக் காட்டுற ரோடிசோனேட் மருந்து தடவிப் பார்க்கிற துணிக்குச்சி ரோஸ் நிறமானா உறுதி. உப்புத்தாளால தேய்க்காதீங்க, ஊதுவிளக்கால பொசுக்காதீங்க. தூசியும் புகையும்தான் உள்ளே போகும். நனைச்சுச் சுரண்டி, ஈரத்துணியால வழிச்சு, துணியை மூடின டப்பாவுல போடணும். வீட்டுப் பெயிண்டுல 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின பூச்சு எதையும் நம்ப வேண்டாம்.

சொம்பு ரெண்டையும் காரீயத்தோட ஒரே தட்டுல வைக்கவே கூடாது. ரசத்துக்குரியது வெள்ளீயம், பக்கத்துல இருக்கிறது நஞ்சு. பார்க்கிற குழந்தை ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டுப் போகும். சொம்புலேயே கலப்படம் உண்டு. நூல் கட்டித் தராசுல தொங்கவிட்டு எடை பாருங்க, அப்புறம் தண்ணியில முழுக்கி எடை பாருங்க. தண்ணியில எவ்வளவு எடை குறைஞ்சுதோ அதால முதல் எடையை வகுத்தா அடர்த்தி. சுத்த வெள்ளீயம் 7.3. பத்து சதவீதம் காரீயம் கலந்தா 7.57, இருபதுன்னா 7.86, நாற்பதுன்னா 8.5. உள்வாயில காத்துக் குமிழி ஒட்டியிருந்தா அடர்த்தி குறைச்சலாக் காட்டும், கலப்படச் சொம்பும் நல்லதுன்னு தேறிடும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டு, சொம்பைச் சாய்ச்சு முழுக்கணும். தேறாத சொம்புல புளித்தண்ணி ஊத்தவே வேண்டாம்.

இன்னொண்ணு. ஈயச் சுரங்கத்தைப் பெருமையாப் பலகை போடுறவங்க ஜாம்பியாவுல கப்வேன்னு ஒரு ஊர் இருக்கிறதைப் படிக்கணும். 1906ல தொடங்கி 1994ல மூடின சுரங்கம். மூடி முப்பது வருஷம் ஆகியும் அந்த மண்ணுல விளையாடுற பிள்ளைங்க ரத்தத்துல ஈயம் இறங்கலை.

முகப்புத்திண்ணை:
ஆச்சி, சொம்பு இனி தனித் தட்டில்தான். பூச்சுத் துண்டைக் கண்ணாடிக்குள் மூடிவிடச் சொல்கிறேன். ஆனால் கப்வேயைக் காட்டிப் பலகையே வேண்டாம் என்றால் ஒப்பமாட்டேன். ராஜஸ்தானில் ஸவார் பழைய சுரங்கங்களைப் பாரம்பரியமாகத்தான் காட்டுகிறார்கள்; அங்கேயும் ஈயம் உண்டு. நஞ்சு இருக்கிறது என்பது பேசாமல் விடுவதற்குக் காரணம் அல்ல.

உலைவாய்:
ஸவாரைக் காட்டுவதற்குக் காரணம், அங்கே துத்தநாகம் வடித்த களிமண் மூசைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அங்கே ஆதாரத்தின் மேலேயே கால் வைத்து நடக்கலாம். காரைக்குடியில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வார்ப்பு. தென்னிந்திய ஈயத்தைக் காட்ட ஆசையென்றால் ஆந்திரத்தின் அக்னிகுண்டாலா இருக்கிறது. சாதவாகனர் ஈயத்திலேயே காசு அடித்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஷான் மலைக்கு ஏன் ஓட வேண்டும்?

பெட்டியடி:
அக்னிகுண்டாலாவுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன கணக்கு? ஒரு தப்புக்கு இன்னொரு தப்பு மாத்து இல்லை. மலாயா வெள்ளீயம்னு சொம்புக்குப் பக்கத்துல எழுதுங்க, அதுவும் "கடன் கொடுத்தார்கள்"னு மட்டும். இந்தச் சொம்போட வெள்ளீயம் பேராக்கிலிருந்து வந்துச்சுன்னு எழுதினா நானே வந்து பலகையைக் கழட்டுவேன்.

முகப்புத்திண்ணை:
சரி, திருத்திய வரைவு: "தூண் முளையைக் கல்லில் பூட்டிய காரீய வார்ப்பு, சுமார் இரண்டு கிலோ. ஈயத்தின் மூலம் சோதிக்கப்படவில்லை. இவ்வீடுகள் பல எழுந்த காலத்தில் பர்மாவின் போட்வின், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஆகியவை பெரிய ஈயச் சுரங்கங்கள். போட்வின் லண்டன் முதலீட்டில் நடந்தது. 1942இல் பின்வாங்கிய ஆங்கிலேயர் அதைச் செயலிழக்கச் செய்தனர்." போட்வினை எடுக்கமாட்டேன். முகல் தெருவில் கடை வைத்திருந்த ஊருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

உலைவாய்:
"சோதிக்கப்படவில்லை" என்ற வரியைப் பொடி எழுத்தில் கீழே தள்ளாமல் இருந்தால் எனக்கு ஆட்சேபம் பாதிதான். மீதிப் பாதி, தூணின் ஆண்டு இன்னும் வரவில்லை.

சுண்ணாம்புக்கலவை:
ஆண்டுக்குத் தூணைப் பாருங்க. வார்ப்பிரும்புத் தூண்ல அடித்தளையத்துக்கு மேலேயோ போதிகைக்குக் கீழேயோ வார்ப்பட்டறைப் பேர் சில சமயம் புடைப்பெழுத்துல இருக்கும். பெயிண்ட் அடுக்குல மறைஞ்சிருக்கும், ஆச்சி சொன்ன மாதிரி நனைச்சே சுரண்டுங்க. சீவல் எடுக்கிறதா இருந்தா உளி தட்டின மேல்முகத்துல எடுக்காதீங்க. அங்கே பிற்காலத்துல இறுக்கும்போது புது ஈயம் சேர்த்திருப்பாங்க. வார்ப்பைக் கவிழ்த்து, அடி மூலையில வெள்ளைப் படிவை நீக்கிட்டு, பளபளன்னு உலோகம் தெரியுற இடத்துல புதுப் பிளேடால ஒரு சீவல், எதிர் மூலையில இன்னொரு பிளேடால இன்னொண்ணு. ரெண்டையும் தனித்தனி உறையில போட்டு எந்த மூலைன்னு எழுதுங்க. ரெண்டு விகிதமும் ஒத்துப்போனா அப்புறம் சுரங்கத்தைப் பத்திச் சண்டை போடலாம்.